கால் வளைந்த ரொட்டிக்காரப் பையன்



ஞாயிறு இரவு பேய்ப்படம் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்டு வைத்திருக்கும் சட்டம். போன மாதம் ஒரு ஞாயிறு, “இதெல்லாம் பேய்ப்படமா? நான் ஒன்று காட்டுகிறேன், பாருங்கள்” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, 1922-ல் ஜெர்மனியில் வெளியான ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தை டிவியில் போட்டேன். கறுப்பு வெள்ளை. வசனம் கிடையாது. பத்து நிமிடத்தில் பிள்ளைகள் செல்போனுக்குள் போய்விட்டார்கள்.

கடைசி வரை பார்த்தது அம்மா மட்டும்தான்.

அம்மாவுக்குக் காது மந்தமாகி நாலைந்து வருடம் ஆகிறது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ‘கொர்ருங்குது’ என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். சீரியல் ஓடும்போது, “என்ன சொல்றா? என்ன சொல்றா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சில நாள் நாங்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. அன்றைக்கு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தப் படத்தின் முன்னால் எல்லோருமே காது கேளாதவர்கள்தானே!

படம் முடிந்ததும் அம்மா சொன்னார்: “பேய் கிடக்கட்டும். அந்த வீட்டு புரோக்கர் யாருப்பா? கிறுக்கனா வந்தானே, அவன்தான் நடிகன்.”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் சினிமா பற்றி எழுதியும் அச்சிட்டும் வந்த ஆளுக்கு அது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. தேடிப் படித்தேன். அந்த வாரம் முழுக்க வேறு வேலையே ஓடவில்லை.

அவர் பெயர் அலெக்சாண்டர் கிரானாக். ஒரு யூதர். 1890-ல், அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஓரத்தில் இருந்த கலீசியா என்ற பகுதியில் பிறந்தார். ஊர், வெர்போவ்ட்ஸி என்ற சின்னக் கிராமம். இன்றைக்கு அது உக்ரைனில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யெசாயா. வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. வீட்டில் பேசியது யிட்டிஷ், தெருவில் உக்ரைனியன். அப்பா முதலில் நிலத்தை நம்பினார். அது கைவிட்டதும் ரொட்டி சுடும் தொழிலுக்கு வந்தார். பிள்ளைகளும் கூடவே அடுப்படிக்கு வந்தார்கள்.

ரொட்டிக்காரன் வேலை பகலில் நடப்பதல்ல. ஊர் காலையில் சூடாக ரொட்டி தின்ன வேண்டுமானால், யாரோ ஒருவர் இரவெல்லாம் நின்று மாவு பிசைய வேண்டும். தொட்டி நிறைய மாவு, பக்கத்தில் கனலும் அடுப்பு. வளர்கிற வயதில் ஒரு பையன் வருடக்கணக்கில் அப்படி நின்றால் கால் எலும்பு என்ன ஆகும்? வளையும். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘ரொட்டிக்காரன் கால்’ என்று ஒரு சொல்லே உண்டு. ஒரு நோய்க்குத் தொழிலின் பெயரையே வைக்கிறார்கள் என்றால், எத்தனை பையன்களின் கால்கள் அப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாமும் காலையில் பேக்கரி வாசலில் நின்று, “சூடா இருக்கா?” என்று மட்டும்தான் கேட்கிறோம்.

இந்தப் பையனுக்கும் கால் வளைந்தது.

ஊர் ஊராக அடுப்படி மாறி, கடைசியில் லெம்பெர்க் நகரத்துக்கு வந்தான். இன்று லிவிவ் என்று செய்திகளில் அடிபடுகிறதே, அதே ஊர்தான். அங்கேதான் முதன்முறையாக ஒரு யிட்டிஷ் நாடகம் பார்த்தான். நாமும் நல்ல நாடகம் பார்த்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவோம். இவன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்: இனி இதுதான்.

1906 வாக்கில், பதினாறு வயதில், பெர்லினில் இருந்தான். இரவில் பேக்கரி வேலை, ஓய்வு கிடைத்தால் புலம்பெயர்ந்த யூதர்களின் சின்னச் சின்ன நாடகக் குழுக்கள். ஆனால் பெர்லினில் மேடை என்றால் மாக்ஸ் ரைன்ஹார்ட். அவருடைய நாடகப் பள்ளிக்குள் நுழைய ஜெர்மன் வேண்டும். அதுவும் மேடை ஜெர்மன். கவிதையும் வசனமும் பிசிறில்லாமல் வாயில் வர வேண்டும். யிட்டிஷும் ஜெர்மனும் அக்கா தங்கை மாதிரி. அதனால்தான் கஷ்டம் இன்னும் அதிகம். முற்றிலும் அந்நியமான மொழியைப் பேசும்போது தப்பு விட்டால், பாவம் வெளியூர்க்காரன் என்று மன்னிப்பார்கள். பக்கத்து மொழியில் தப்பு விட்டால் சிரிப்பார்கள். ஊர்ப்பேச்சோடு நகரத்துக்குப் படிக்கப் போன நம் வாசகர்கள் எத்தனையோ பேருக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் வாசிப்புக் கலை சொல்லிக் கொடுத்த எமில் மிலான் இந்தப் பையனிடம் என்ன கண்டாரோ, பாடம் சொல்லிக் கொடுத்து உதவினார். ஜெர்மன் வந்தது. ரைன்ஹார்ட் பள்ளியிலும் இடம் கிடைத்தது.

கால்?

அந்தக் காலத்து மேடையில் இறுக்கமான காலுறை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டிய வேடங்கள் ஏராளம். வளைந்த காலோடு எந்த இளவரசன் வேடம் கிடைக்கும்? கோமாளி வேடம் கிடைக்கும், அவ்வளவுதான். கிரானாக் மருத்துவமனைக்குப் போனார். எலும்பை உடைத்து, நேராக வைத்து, கட்டுப் போட வைத்தார். மாதக்கணக்கில் படுக்கை. நூற்று சொச்சம் வருடத்துக்கு முந்தைய அறுவை சிகிச்சை அது. தொற்று பிடித்தால் ஆளே போயிருக்கலாம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். இதை நிறையப் பேர் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லிவிடுவார்கள். ‘கனவுக்காகக் காலையே உடைத்துக்கொண்டவர்’ என்று ஒரு படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காலை வணக்கத்தோடு ஊரைச் சுற்றி வரும். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. டாக்டர் உடைத்தது இரண்டாவது தடவை. முதல் தடவை அந்தக் காலை ஒடித்தது, ஒரு பையனை விடிய விடிய நிற்க வைத்த வேலை. அதை ஏன் யாரும் படமாகப் போடுவதில்லை?

இன்னொன்றும் தோன்றியது. நம் வீடுகளில் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ‘உன் நிறத்துக்கு’, ‘உன் உயரத்துக்கு’, ‘உன் குரலுக்கு’ என்று ஆரம்பித்து, ‘இதெல்லாம் பொருந்தாதும்மா’ என்று முடிக்கிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம், அதில் சந்தேகம் இல்லை. வெளியில் போய் அடி வாங்கி வருவதை விட நாமே சொல்லிவிட்டால் தேவலை என்ற பயம். ஆனால் கேட்கும் பிள்ளை அதை அக்கறையாகவா எடுத்துக்கொள்கிறது?

சரி, கதைக்கு வருவோம். கால் நேரானதும் வந்தது முதல் உலகப் போர். ராணுவம் நேரான காலை ரொம்ப விரும்பும்! ஆஸ்திரியப் படையில் சேர்க்கப்பட்டு, இத்தாலியரிடம் கைதியாகி, தப்பித்தும் வந்தார். போருக்குப் பிறகு ம்யூனிக் மேடையில் அவருக்கு ஷைலாக் வேடம் கிடைத்தது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு சதை கேட்கும் யூதன். அந்தப் பாத்திரத்தை வைத்து யூதர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே, எங்களுக்கும் வலிக்கும் என்று சொல்ல வைத்தவர்களும் உண்டு. கிரானாக் வாழ்நாள் முழுக்க ஷைலாக்கைத் தன் சொந்தக்காரன் மாதிரி சுமந்து திரிந்தார்.

இருபதுகளின் பெர்லின் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1922 டிசம்பரில் பிரெக்ட் என்ற இளைஞரின் ‘இரவில் முரசொலி’ பெர்லினில் மேடையேறியபோது அதன் நாயகன் கிரானாக். 1927-ல் இயக்குநர் பிஸ்காட்டர் தன் புதிய நாடக அரங்கைத் திறந்தபோதும் முதல் நாடகத்தின் நாயகன் இவர்தான். மேடை உலகில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

இடையில்தான் சினிமா. ‘நோஸ்ஃபெராட்டு’ 1921-ல் வடக்கு ஜெர்மனியின் வீஸ்மார், லூபெக் போன்ற ஊர்களில் படமானது. இயக்குநர் முர்னாவே ரைன்ஹார்ட் பட்டறையில் வளர்ந்தவர்தான். கிரானாக்குக்குக் கிடைத்தது க்னோக் என்ற வீட்டு புரோக்கர் வேடம். புதர் போன்ற வெள்ளைப் புருவம், குறுகிய தோள், ஏதேதோ கிறுக்கல் குறிகள் நிறைந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு வாய் நிறைய ஒரு சிரிப்பு. அம்மா அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு க்னோக்குக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அறையில் அடைத்தால் ஈ பிடித்துத் தின்கிறார். காவலாளியின் கழுத்தை நெரித்துவிட்டுத் தப்புகிறார். அதே நேரம் கப்பலில் எலிகளோடு பிளேக்கும் ஊருக்குள் வந்துவிட்டது. ஜனங்களுக்குக் கோபம். யார் மேல் காட்டுவது? ‘அந்தக் கிறுக்கனால்தான்’ என்று யாரோ சொல்ல, ஊரே துரத்துகிறது. கிரானாக் கூரை மேல் ஏறி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கிறார். அப்புறம் வயல்வெளியில் ஓடுகிறார். கூட்டம் ஆவேசமாகப் பாய்ந்து ஓர் உருவத்தைக் கிழித்துப் போடுகிறது. பார்த்தால், அது சோளக்கொல்லை பொம்மை.

நூறு வருடம் கழித்து இந்தக் காட்சியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. வியாதி வந்தால் உடனே ஒரு முகம் தேடுகிறோம், இல்லையா? கொரோனா நாட்களில் லிஃப்ட்டில் யாராவது இருமினால் நம் கண் எப்படிப் பார்த்தது என்று நமக்கே தெரியும். நடிப்புக்காக ஓடிய அந்த மனிதருக்குப் பன்னிரண்டு வருடத்தில் நிஜமாகவே ஓட வேண்டி வந்தது.

(அந்தப் படத்தையும் விடவில்லை, தெரியுமா? ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று எழுத்தாளரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925-ல் உத்தரவு வந்தது. எங்கெங்கோ தங்கிய பிரதிகளால் படம் பிழைத்தது. புரோக்கரும் பிழைத்தார்.)

‘நோஸ்ஃபெராட்டு’வுக்கு அடுத்த வருடம், 1923-ல், ‘நிழல்கள்’ என்ற படம். நம் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது. பொறாமை பிடித்த ஒரு கணவன், அழகான மனைவி, அவளைச் சுற்றும் விருந்தாளிகள். எந்த நேரமும் கத்தி வெளியே வரலாம் என்ற இரவில், நிழல்பாவை காட்டும் நாடோடி ஒருவன் உள்ளே நுழைகிறான். இப்படியே போனால் என்ன நடக்கும் என்பதை அவர்களுடைய நிழல்களை வைத்தே காட்டிவிட்டுப் போய்விடுகிறான். விடிந்ததும் எல்லோருக்கும் புத்தி தெளிகிறது. எழுத்தட்டைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எல்லாம் கை, கண், நிழல். அந்த நாடோடி கிரானாக்தான்.

1933-ல் ஹிட்லர் வந்தார். கிரானாக் யூதர், இடதுசாரிகளின் மேடையில் நின்றவர், ஊரறிந்த முகம். இதில் ஒன்று போதும் சிறைக்கு. கிளம்பிவிட்டார். கஷ்டப்பட்டுக் கற்ற ஜெர்மன் ஒரே நாளில் செல்லாக்காசு. போலந்துக்குப் போய்த் தாய்மொழியான யிட்டிஷில் நடித்தார். 1934 ஜனவரியில் வார்சாவில், நாஜிகள் வேலையைப் பறித்த ஒரு யூத அறுவை மருத்துவரைப் பற்றிய நாடகம். ‘பேராசிரியர் மாம்லாக்’ என்று பின்னாளில் பல நாடுகளில் மேடையேறியது அதுதான். முதன்முதலாக அந்த மருத்துவராக நின்றவர் கிரானாக்.

அங்கிருந்து சோவியத் யூனியன். நிறையப் பேர் நம்பியதைத்தான் அவரும் நம்பினார்: அங்கே யூதனென்று யாரும் துரத்த மாட்டார்கள். கீவ் நகரின் யிட்டிஷ் மேடை, இரண்டு படங்கள். 1937-ல் ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்தபோது கைது செய்யப்பட்டார். அந்த வருடம் அப்படி உள்ளே போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. இவர் திரும்பினார். எழுத்தாளர் ஃபாய்க்ட்வாங்கரின் தலையீடு காப்பாற்றியது. அந்த வருடத் தொடக்கத்தில்தான் அவர் ஸ்டாலினையே நேரில் சந்தித்துப் பேசியிருந்தார். இவருக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது. இல்லாதவர்களை நினைத்துத்தான் மனம் கனக்கிறது.

ஸூரிக் வழியாக 1938-ல் அமெரிக்கா. வயது நாற்பத்தெட்டு. ஆங்கிலம் தெரியாது.

நாற்பத்தெட்டில் ஒரு நடிகன் மறுபடி அ, ஆவன்னாவில் ஆரம்பிக்க வேண்டும் என்றால்? ஸ்மார்ட்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளச் சொன்னாலே, ‘இனிமேலா?’ என்கிறோம். நம் வீட்டு அம்மாக்கள் ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறேன் என்றால், ‘இந்த வயசிலயா?’ என்று நாமே சிரிக்கிறோம்.

அவர் கற்றுக்கொண்டார். முதல் பெரிய படம் 1939-ல் ‘நினோட்ச்கா’. கிரேட்டா கார்போ நாயகி. இயக்கியவர் லூபிட்ஷ், அவரும் பெர்லின் யூதர், அவரும் ரைன்ஹார்ட்டிடம் நடித்தவர். நகை விற்க பாரிஸுக்கு வந்து, ஹோட்டல் சுகத்தில் கட்சியை மறந்துபோகும் மூன்று சோவியத் அதிகாரிகளில் ஒருவர் கிரானாக். ஸ்டாலினின் சிறையிலிருந்து வந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. அந்த வேடத்தில் நின்றுகொண்டு சிரிக்க வைக்கிறார். எப்படி முடிந்தது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அவர் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை போகவில்லை. போர்க்காலத்து ஹாலிவுட்டில் அந்த வாடைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: நாஜி. ஃப்ரிட்ஸ் லாங் இயக்க, அதே பழைய பிரெக்ட்டும் சேர்ந்து கதை எழுதிய ஒரு 1943 படத்தில் கெஸ்டபோ இன்ஸ்பெக்டர். 1944-ல் ‘ஏழாவது சிலுவை’யில் வதைமுகாம் காவலன். அதே வருடம் ‘ஹிட்லர் கும்பல்’ படத்தில் ஜூலியஸ் ஷ்ட்ரைஷர்.

இந்த ஷ்ட்ரைஷர் யார் தெரியுமா? சொல்லக் கூசுகிறது, அவனும் ஒரு பத்திரிகை நடத்தியவன். 1923-லிருந்து வாராவாரம் யூதர்களைப் பற்றி அபாண்டமும் ஆபாசப் படமுமாக அச்சிட்டு விற்றான். தன் கையால் அவன் யாரையும் கொன்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. அச்சிட்டதற்காகவே நியூரம்பெர்க் நீதிமன்றம் அவனுக்குத் தூக்கு விதித்தது, 1946-ல் நிறைவேறியது. பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு வியாழனும் எனக்கு இனி அவன் நினைவு வரும் என்று நினைக்கிறேன். வாசகர்கள் தினம் ஃபார்வர்டு செய்வதையும் நான் சும்மா விடப்போவதில்லை: நாலு பேருக்கு அனுப்புகிற எவரும் நாலு பேருக்குப் பத்திரிகை நடத்துகிறவர்தானே?

யூதர்களை வெறுத்தே பிழைத்த அந்த மனிதனின் சட்டைக்குள் ஒரு யூதர் தன் உடம்பைக் கொடுத்து நின்றார். சம்பளத்துக்காகவா, கலைக்காகவா, பழி தீர்க்கவா? மூன்றுமாக இருக்கலாம். அதற்குள், அவர் வளர்ந்த ஹோரோதென்கா பக்கத்தில் யூதர்களே இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தார்கள். 1941 டிசம்பரில் அந்த ஊர் யூதர்கள் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டார்கள்.

குடும்பம்? நல்லதை மட்டும் எழுதினால் நியாயமில்லை. மகன் காட் சின்ன வயதாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அப்பா மேடைகளைத் தேடி நாடு நாடாகப் போக, மகன் 1936-ல் பாலஸ்தீனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அவரும் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் ஜெருசலேமில் காலமானார். இப்படிப்பட்ட அப்பாக்களின் கதையை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டியவர்கள் ஒரு விதமாகச் சொல்வார்கள். வீட்டில் காத்திருந்தவர்கள் வேறு விதமாகத்தான் சொல்வார்கள்.

1944 டிசம்பரில் நியூயார்க் பிராட்வேயில் ‘அடானோவுக்கு ஒரு மணி’ நாடகம். கிரானாக்குக்கு டொமாசினோ என்ற மீனவன் வேடம். நாஜி இல்லை, கிறுக்கன் இல்லை, உளவாளி இல்லை. ஓர் ஊரில் வலை வீசிப் பிழைக்கும் மனிதன். அதுவும் ஆங்கிலத்தில்! ஐம்பத்து நாலு வயதில், தினம் தினம்.

அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே குடல்வால் அறுவை சிகிச்சை. அதைத் தொடர்ந்து 1945 மார்ச் 14 அன்று இறந்துபோனார். இன்னும் எட்டு வாரம் இருந்திருந்தால் ஹிட்லரின் ஜெர்மனி சரணடைந்ததைப் பார்த்திருப்பார். அவர் எழுதிய சுயசரிதை அந்த வருடம்தான் வெளிவந்தது. கிராமம், அடுப்படி, நாடகம், போர் என்று ஓடி, ஷைலாக்கோடு அது நின்றுவிடுகிறது. உலகம் அவரை நினைவு வைத்திருக்கும் ‘நோஸ்ஃபெராட்டு’ வரைகூட அது வரவில்லை. ரொட்டி வாசனைதான் அதில் அதிகம்.

இதையெல்லாம் படித்து முடித்த இரவு, அம்மாவிடம் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஹிட்லர், ஸ்டாலின், ஹாலிவுட், பிராட்வே எல்லாம் சொன்னேன். பிள்ளைகள்கூட செல்போனைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா நடுவில் ஒன்றும் பேசவில்லை. கேட்டதோ இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

முடித்ததும், தன் முட்டியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

“ஒடிச்சு வச்ச காலுன்னா, பனிக்காலத்துல குடையுமே. அந்தப் புள்ளைக்கு யாராச்சும் ஒத்தடம் கொடுத்தாங்களா?”

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்